பதிவேட்டில் பெரியவள் யார்

அவர்கள் இரட்டையர்கள், வயது ஐம்பத்திரண்டு. தையல்கடை வைத்திருப்பவளைப் பெரியவள் என்றும், பல் மருத்துவமனையில் சீட்டு எழுதுபவளைச் சின்னவள் என்றும் வீட்டில் அழைத்தார்கள். யார் முந்தி என்று முடிவு செய்தது யார்? கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. எந்தச் சண்டையிலும் "அக்கா சொன்னா கேளு" என்று பெரியவள் முடித்துவிடுவாள். சின்னவளுக்கு அது தொண்டையில் சிக்கிய முள்.

ஒருநாள் பல் பிடுங்க வந்த நகராட்சி ஊழியர், மரத்துப்போன வாயோடு ஒரு விஷயம் சொன்னார். பழைய பிறப்புப் பதிவேடுகள் ஆவண அறையில் பத்திரமாக இருக்கின்றன. பிறந்த நேரம் உட்பட எல்லாம் அதில் உண்டு. சொந்தப் பதிவை யாரும் போய்ப் பார்க்கலாம். அதன்பின் சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நாளைக்குக் கடைய மூடிட்டு வா. நீ அக்காவான்னு பாத்துடலாம்."

"வீணா மூக்கறுபடப் போற," என்றாள் பெரியவள். ஆனால் மறுநாள் நகராட்சி வாசலில் முதலில் நின்றது அவள்தான்.

முகப்பில் இருந்தவர் நிமிராமலே சொன்னார்: "பழசெல்லாம் காட்ட முடியாதும்மா. மேலதிகாரி கடிதம் வேணும்."

"உங்க தலைக்குப் பின்னாடி வேற மாதிரி எழுதியிருக்கே, சார்," என்றாள் சின்னவள்.

அவர் திரும்பிப் பார்த்தார். 'சொந்தப் பதிவைப் பார்வையிட விண்ணப்பமும் அடையாள அட்டையும் போதும்' என்ற பலகையை முதன்முறை பார்ப்பவர்போலப் படித்துவிட்டுப் படிவத்தை நீட்டினார். காரணம் என்ற இடத்தில் சின்னவள் 'சண்டை தீர' என்று எழுதினாள். பெரியவள் அதை அடித்துவிட்டுக் 'குடும்பத் தகவல்' என்று எழுதினாள்.

ஆவணக் காப்பாளர் ஒரு மெலிந்த பெண்மணி. தலையணை கனத்தில் ஒரு பதிவேட்டைச் சுமந்து வந்து மேசையில் வைத்தார். "பக்கத்த நான்தான் புரட்டுவேன். கை வைக்காதீங்க."

அவர் விரல் வரி வரியாக இறங்கியது. பெரியவள் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல் அம்மாவின் பெயரில் நின்றது. அடுத்தடுத்து இரண்டு வரிகள்: பெண், காலை 4.10. பெண், காலை 4.21.

"பேர் எங்க?" என்றாள் பெரியவள்.

"அப்போல்லாம் பேர் வைக்குறதுக்கு முன்னாடியே பதிஞ்சிடுவாங்க. குறிப்புல என்னமோ இருக்கு, இருங்க." காப்பாளர் குனிந்து வாசித்தார்: "முதல் குழந்தைக்கு இடது குதிகாலில் மச்சம்."

சின்னவள் அதற்குள் செருப்பைக் கழற்றி, நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்திருந்தாள். காப்பாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பதிவேட்டையே சோதிப்பதுபோல் குதிகாலைச் சோதித்தார்.

"இருக்கு. நீங்கதான் மூத்தவங்க."

சின்னவள் துள்ளியதில் நாற்காலி கவிழ்ந்தது. பெரியவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். முகம் சுண்டிவிட்டதோ என்று பயந்து சின்னவள் அவள் தோளைத் தொட்டாள். பெரியவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

"அப்பாவ ஆறு வருஷம் வச்சுப் பாத்தேன். தம்பி கல்யாணத்துக்கு நாயா அலைஞ்சேன். எல்லாம் உன் வேலைடி. இத்தன நாளா நான் செஞ்சிட்டிருக்கேன்." காப்பாளரிடம் திரும்பினாள். "முத்திர போட்டு ரெண்டு நகல் குடுங்கம்மா. ஒண்ண சட்டம் போட்டு மாட்டணும்."

நகலுக்காகக் காத்திருக்கையில் பெரியவளின் கைபேசி அடித்தது. தம்பி. மாமியார் வீட்டில் ஏதோ மனத்தாங்கலாம், அக்கா உடனே வந்து பேச வேண்டுமாம்.

"இருடா, அக்காகிட்டயே குடுக்குறேன்," என்று கைபேசியைச் சின்னவளிடம் நீட்டினாள் பெரியவள்.