நாலரை நிமிடம் கூடுதல்

என் வீட்டுக்காரர் சில்வெஸ்டர் படம் பார்ப்பதில்லை, அளக்கிறார். பெயர் போடும்போது கைப்பேசியில் கடிகாரத்தை ஓடவிடுவார், விளம்பரம் வந்தால் நிறுத்துவார், கடைசி எழுத்து மறையும்வரை அசையமாட்டார். அந்த நேரத்தை இணையத்தில் ஒரு திரைப்படத் தகவல் தளத்தில் பதிவு செய்வார். ஒன்பது வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் பதிவுகள். ஒன்றைக்கூட யாரும் திருத்தியதில்லை என்று குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. கதாநாயகி செத்தாளா பிழைத்தாளா என்று கேட்டால் மட்டும் தெரியாது.

இந்த வருடம் நானே நடித்தேன். பாகான் டத்தோ பக்கம் மூடிப்போன ஒரு தோட்டத்தில் எடுத்த தொலைக்காட்சி நாடகம். ஐந்தாவது பகுதியில் ஒன்றரை நிமிடம் வருகிறேன், லயத்து வீட்டைக் காலி செய்யமாட்டேன் என்று மேனேஜரிடம் மல்லுக்கு நிற்பவளாக. அது ஒளிபரப்பான சனிக்கிழமை எனக்கு சர்ச்சில் பாட்டுப் பயிற்சி. திரும்பி வந்து, "எப்படி இருந்துச்சுங்க?" என்றேன்.

"இருபத்தாறரை நிமிஷம்," என்றார்.

ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக நடித்தவளுக்குக் கிடைத்த விமர்சனம் இதுதான். டைரக்டர் தனேஸ்வரன் அடுத்த நாடகத்தில் பெரிய வேடம் தருவதாகச் சொல்லி, புதன்கிழமை இரவு போனில் பதில் கேட்பதாக இருந்தார். இவருக்கும் அது தெரியும். கட்டிய கணவனுக்கே பாராட்ட வாய் வரவில்லை என்றால் நான் கேவலமாகத்தான் நடித்திருக்கவேண்டும். முடியாது என்று சொல்லிவிட முடிவு செய்தேன். மனசு வலிக்கத்தான் செய்தது.

புதன்கிழமை மாலை தளத்திலிருந்து அவருக்கு மின்னஞ்சல் வந்தது. தெலுக் இந்தானிலிருந்து யாரோ அதே பகுதிக்கு இருபத்திரண்டு நிமிடம் என்று பதிந்திருக்கிறார்களாம். எது சரி என்று கேட்டிருந்தார்கள்.

மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவன் பாதியிலயே தூங்கிருப்பான் லா. ஜூடித், இங்க வந்து உக்காரு. நீதான் சாட்சி."

சனிக்கிழமை அவர் பதிவு செய்து பார்த்ததையே மறுபடி போட்டோம். கடிகாரம் என் கையில், விளம்பரம் வந்தால் நிறுத்துவதும் நான்தான். நான் திரையில் வந்ததும் அவர் ரிமோட்டை எடுத்தார், என்னைப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார். எல்லாம் முடிந்ததும் நிறுத்தினேன். இருபத்திரண்டு நிமிடம், நொடி பிசகில்லை.

எனக்குக் கணக்கு வராது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் கூடுதல் நாலரை நிமிடம், என் காட்சி ஒன்றரை நிமிடம் என்றால் எனக்கும் வரும்.

"மூணு தடவ ரிவைண்ட் பண்ணீங்களா?"

"ரிமோட்டு ரோசாக் லா, கெட்டுப்போச்சு. தானா பின்னால போகுது."

"நான் வர்ற எடத்துல மட்டுமா?"

தளத்தில் திருத்தத்துக்குக் காரணம் கேட்கும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது.

"விளம்பரத்தக் கழிக்க மறந்துட்டேன்னு போட்டுருங்க. மானமாவது தப்பும்," என்றேன்.

"பதிவுல பொய் எழுதக்கூடாது," என்றவர், ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். 'மனைவி நடித்த காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டேன்.'

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வருடமாக இந்த மனிதரிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை பிடுங்க நான் படாதபாடு படுகிறேன். முன்பின் தெரியாத தளத்துக்காரனுக்கு இரண்டு வரி எழுதுகிறார்.

அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "தனேஸ் போன் அடிச்சா வாரேன்னு சொல்லு," என்றார்.