பூதலூர்ப் பன்றி

கறியைக் கொண்டுவந்தவர் சாமிதுரை மாமா. அம்மாவின் தம்பி. பூதலூரில் ஸ்டேஷனுக்குப் பின்னால் பன்றி வளர்க்கிறார். காலை பஸ்ஸில், வாழை இலையில் சுற்றி, உரச்சாக்கில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் வந்து இறங்கியிருந்தார். விலாப்பக்கத்து முழுத் துண்டு. வைக்கோல் தீயில் வாட்டிச் சுரண்டிய தோல், அதன் கீழே விரல் கனத்துக்குக் கொழுப்பு.

சாக்கைப் பார்த்ததும் கிளாட்சன் அண்ணன் வாசல் கதவைச் சாத்தினான்.

"மாமா, யாராச்சும் பாத்தாங்களா?"

"பஸ்ஸுல பாத்தாங்க. பக்கத்துல ஒருத்தனும் உக்காரல. சவுரியமா வந்தேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. அவன் மெல்போர்னில் வேலை பார்க்கிறான். அங்கேயே நர்ஸாக இருக்கும் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அன்று இரவு எங்கள் வீட்டைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுப் போக வருகிறார்கள். மகளோடு கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர்கள். அங்கே தின்ற, பழம் அடைத்துச் சுட்ட பன்றியைப் பற்றியே போனில் பேசிக்கொண்டிருந்தார்களாம். "எங்க வீட்லயே செய்வோம் அங்கிள்" என்று இவன் சொல்லிவிட்டான். செய்ய வேண்டியது நான்.

சென்னையில் கால்சென்டர் நைட் ஷிஃப்டை விட்டுவிட்டு வந்து வீட்டில் கிடந்தேன். ஆஷ்லின் என்ற என் பெயரை அங்கே ஆஷ்லி என்று வெட்டியிருந்தார்கள். எங்கிருந்து பேசுகிறாய் என்று யார் கேட்டாலும் சென்னை என்று சொல்லக் கூடாது. டெக்ஸாஸில் மழையா வெயிலா என்று பார்த்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒருநாள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மேனேஜர் காரணம் கேட்டார். வாய் வலிக்கிறது என்றேன்.

"கறி எங்கேர்ந்துன்னு கேட்டா சென்னை கோல்ட் ஸ்டோரேஜ் கடைன்னு சொல்லணும்" என்றான் அண்ணன். அப்புறம் மாமா பக்கம் திரும்பினான். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. அவங்க போற வரைக்கும் பின்னாடி இருந்துக்கங்க."

"பின்னாடிதான் காத்து நல்லா வரும்" என்றார் மாமா.

வருகிறவர்கள் பன்றி சாப்பிடாதவர்கள் இல்லை. பன்றி வளர்க்கிற சொந்தக்காரன் இல்லாதவர்கள். கிறிஸ்தவர்களுக்குள் சாதி என்ன என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, கறி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். போதும்.

"உன் தம்பிதானேம்மா?" என்றேன் அம்மாவிடம்.

"ஒரு ராத்திரிதான. விடுடி."

அண்ணன் வாங்கி வந்த மைக்ரோவேவுக்குள் துண்டு நுழையவில்லை. கொல்லையில் கிறிஸ்துமஸ் கேக் சுடுகிற அண்டாவை இறக்கினேன். கறியைப் பிளந்து விரித்து, உப்பும் மிளகும் பூண்டும் தேய்த்தேன். அன்னாசி, ஆப்பிள், அவன் கொண்டுவந்த உலர்ந்த பிளம்ஸ் எல்லாவற்றையும் அள்ளி வைத்துப் பாயைப் போல் சுருட்டினேன். சணலை இறுக்கிக் கட்டும்போது அண்ணனின் கழுத்து ஞாபகம் வந்தது. இன்னும் இறுக்கினேன். அண்டாவில் மணல் பரப்பி, தட்டில் கறியை வைத்து இறக்கி மூடி, அடியிலும் மூடிக்கு மேலேயும் தணல் கொட்டினேன். மாமா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தணலை விசிறிக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் தோல் சிவந்து வெடித்திருந்தது.

சகாயராஜ் பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயரானவர். மனைவி ரோஸ்லின் உட்காருவதற்கு முன்பு நாற்காலியை டிஷ்யூவால் துடைத்தார். நான் நின்று பரிமாறினேன். மேஜையில் ஆறு நாற்காலி. இரண்டு காலியாக இருந்தன.

சகாயராஜ் முதல் துண்டைத் தின்றுவிட்டுக் கண்ணை மூடினார். இரண்டாவது துண்டை அவரே எடுத்து வைத்துக்கொண்டார். "மெல்போர்ன்ல தின்னதைவிட இது ஒரு படி மேல. தோல்ல ஒரு வாசம் வருது பாருங்க."

"இங்க கிடைக்கறதை எங்களால தொட முடியாது" என்றார் ரோஸ்லின். "சாக்கடையில மேயுறது. அதை வளக்கிறவங்களும் அப்படித்தான் இருக்காங்க. இது எங்க வாங்கினதும்மா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். அம்மா தண்ணீர் ஜக்கைப் பார்த்தாள்.

"பூதலூர்ல" என்றேன். "எங்க மாமா வளத்தது. அம்மாவோட கூடப்பிறந்த தம்பி. கொல்லையில உக்காந்திருக்காங்க. கூப்பிடவா?"

சகாயராஜின் வாயில் கறி இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்து, கடைசியில் விழுங்கினார்.

"இவருக்குக் கொலஸ்ட்ரால்" என்று ரோஸ்லின் தட்டைத் தள்ளி வைத்தார். "மக கிட்ட பேசிட்டுச் சொல்றோம் தம்பி."

நான் கறித் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். என்னடி பண்ற என்ற அண்ணனின் குரல் பின்னால் வந்தது.

மாமாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. "என்னைக் கேட்டியா?" என்றார்.

"எதை?"

"என் பேரை அங்க எடுக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியாடி? நான் இங்க உக்காந்தது அவங்களுக்குப் பயந்தா? அவன் கல்யாணம் நடக்கணும்னு."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்." தட்டைக் கல்லின் மேல் வாங்கி வைத்தார். "பசிக்குது. வெட்டு."

மிச்சச் சணலை அறுத்து வெட்டினேன். மாமா உள்ளே இருந்த பழத்தையெல்லாம் விரலால் தோண்டி ஓரம் தள்ளினார். "கறிக்குள்ள அன்னாசியை எவன் வைக்கச் சொன்னது? சோறு இருக்கா?"

வாசலில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அண்ணன் கொல்லைக் கதவு வரை வந்தான். "இப்ப திருப்தியாடி உனக்கு?" என்றான். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. அவன் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினான்.

அம்மா வந்து நின்றாள். புதுப் பீங்கான் தட்டுகள் கையில் இருந்தன. "தம்பி, உள்ள வந்து மேசையில உக்காருப்பா. நாற்காலியெல்லாம் காலியாத்தான் இருக்கு."

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"காலியானப்புறமா கூப்பிடுற?"

அம்மா உள்ளே போனாள். சோற்றுப் பானையோடு திரும்பி வந்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஈரத் தரையில் உட்கார்ந்தாள். மாமா அவளுக்கும் ஒரு துண்டை எடுத்து வைத்தார். பழத்தை எடுக்காமல்.