பெரிய வெள்ளியில் ஓர் ஆள் கூடுதல்

ஆயரம்மா அந்தச் சபைக்கு மாற்றலாகி வந்தது ஈஸ்டருக்கு முந்தைய தபசுக் காலத்தின் நடுவில். கொண்டுவந்த பெட்டிகளில் பாதியைப் பிரிக்கக்கூட நேரமில்லை. அதற்குள் குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி, ஈஸ்டர் என்று ஆராதனைகள் வரிசைகட்டி வாசலில் வந்து நின்றன. எதற்கு எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பாட்டுத்தாள் அச்சடிக்க வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் "வழக்கம்போல வருவாங்க" என்றார்கள். வழக்கமே தெரியாதவருக்கு அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அங்கி மாற்றும் அறையில் இருந்த அலமாரியைத் திறந்து ஆராதனைப் பதிவேட்டை எடுத்தார். நின்றபடியே புரட்டத் தொடங்கினார்.

ஒவ்வொரு ஆராதனைக்கும் ஒரு வரி. தேதி, பிரசங்கம் செய்தவர், வந்தவர்கள் எண்ணிக்கை, ஆயரின் கையெழுத்து. ஓரத்தில் பென்சிலில் சின்னதாக இன்னோர் எண். அது சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் வார்டன் குறித்தது. வார்டன் ஒரு பல் டாக்டர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முதல் வாசிப்பு முடிந்ததும் தலைகளை எண்ணி, ஆராதனை முடிந்தபின் இங்கே வந்து எழுதிவைப்பார். அதைப் பார்த்துத்தான் ஆயர் மையில் எழுதுவது. வருடம் முழுக்க இரண்டு எண்ணும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி ஒன்றாகவே இருந்தன.

பெரிய வெள்ளி மட்டும் இடித்தது. பென்சில் நூற்றேழு, மை நூற்றெட்டு. முந்தைய வருடம் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு. அதற்கும் முந்தைய வருடமும் அப்படியே. ஆயரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எட்டு வருடமாக, பெரிய வெள்ளியன்று மட்டும், மையில் ஓர் ஆள் கூடுதல்.

ஆயராவதற்கு முன் அவர் ஓர் ஆஸ்பத்திரி லேபில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை எண்ணியவர். ஒருமுறை தப்பினால் அது கைப்பிசகு. எட்டு முறை ஒரே இடத்தில் தப்பினால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்பது அவருக்கு அனுபவப் பாடம். எண்ணிக்கை இடித்தால் அவருக்குச் சோறு இறங்காது.

முன்பு இங்கே ஆயராக இருந்து, ஓய்வுபெற்று மகள் வீட்டில் இருந்த பழைய ஐயாவுக்குப் போன் செய்தார்.

"ஐயா, பெரிய வெள்ளிக்கு மட்டும் ஒரு ஆள் கூட எழுதியிருக்கீங்களே?"

"எண்ணித்தாம்மா எழுதினேன்."

"வார்டன் எண்ணினதுல ஒண்ணு குறையுதே."

"அவங்களும் எண்ணித்தான் எழுதினாங்க."

"ரெண்டும் எப்படி ஐயா சரியா இருக்கும்?"

"நீங்க லேப்காரங்க. நான் சொல்லி நீங்க நம்புறதைவிட நீங்களே பாத்துக்கிறது நல்லது. ஒண்ணு மட்டும் சொல்றேன். அன்னிக்குக் கண்ணைவிடக் காதைத் தீட்டி வெச்சுக்குங்க" என்றார். பிறகு பேத்தியின் பரீட்சையைப் பற்றிப் பேசத் தொடங்கி, அதை விட்டு நகரவே இல்லை.

வார்டனிடமும் கேட்டுப்பார்த்தார். டாக்டரம்மா பதிவேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஐயாவுக்கு அப்பவே கண்ணுல புரை" என்றார். கண்ணில் புரை விழுந்தால் ஓர் ஆள் குறையலாம்; கூடுவது எப்படி என்று ஆயரம்மாவுக்குப் புரியவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. பலிபீடத்தின் மேல் துணி இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை ஆராதனை. அன்றைக்கு மட்டும் ஆர்கன் வாசிக்கமாட்டார்கள். பாட்டெல்லாம் வெறும் குரலில்தான். பாடகர் குழுவில் மேல்குரலும் ஆண்களின் அடிக்குரலும் இருந்தன. நடுவில் வரவேண்டிய பெண்களின் தணிந்த குரலுக்கு ஆள் கிடைக்காமல் பல வருடம் ஆகிவிட்டது என்று ஒத்திகையின்போதே சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது பாட்டில் அந்த நடுக்குரல் வந்தது.

ஆயரம்மா முதலில் நம்பவில்லை. குழுவைப் பார்த்தார். ஆறு வாய், ஒன்றிலும் அந்தக் குரல் இல்லை. பெஞ்சுகளைப் பார்த்தார். குரல் அங்கிருந்தும் வரவில்லை. ஆர்கன் குழாய்களுக்குப் பின்னால், உயரத்தில், சுவருக்குள்ளிருந்து வந்தது. மெல்லியது, ஆனால் ஒரு மயிரிழை பிசகாதது. மூன்றாவது தியான உரையின் நடுவில் அவர் கையிலிருந்த தாளில் வரியைத் தவறவிட்டு, அதே வாக்கியத்தை இரண்டு முறை வாசித்தார். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு முன்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

மூன்று மணிக்கு ஆராதனை முடிந்தது. எல்லோரும் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்தார்கள். ஆயரம்மா அங்கியோடு பக்கவாசல் வழியாக வெளியே வந்து, ஆலயத்தைச் சுற்றிக்கொண்டு மணிக்கூண்டின் அடிக்குப் போனார். தாழ்வான மரக்கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே குறுகலான சுழல்படி. அங்கி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்.

பாதி உயரத்தில் படி ஒன்று அகலமாக இருந்தது. அங்கே சுவரில் மரச்சட்டம் போட்ட ஒரு சின்னத் திறப்பு. அதன் வழியே ஆர்கன் குழாய்களின் முதுகும், இடுக்கில் ஆலயத்தின் ஒரு துண்டும் தெரிந்தன. திறப்புக்குப் பக்கத்தில் அறுபது வயதை ஒட்டிய ஒரு பெண் மடித்துவைத்த போர்வையின் மேல் உட்கார்ந்து, செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் ஆயரம்மாவுக்கு யாரோ தெரிந்தவர் மாதிரி இருந்தது. அதே தாடை, அதே நேரான மூக்கு. பல் டாக்டரின் அக்கா என்பதை யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"யாரு சொன்னா?" என்றார் அந்தப் பெண்.

"யாரும் சொல்லல. பாட்டுதான் சொல்லிச்சு."

"சத்தமா பாடிட்டேனா?"

"இல்லம்மா. சரியா பாடிட்டீங்க. கீழ யாரும் அப்படிப் பாடல."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. ஆயரம்மா ஒரு படி கீழே உட்கார்ந்தார். கேட்பதற்கு ஆயிரம் இருந்தது. ஒன்றும் கேட்காமலே அக்கா சொன்னார்.

அவர் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். இந்த ஆலயத்தின் பாடகர் குழுவை இருபது வருடம் நடத்தியவர். எட்டரை வருடத்துக்கு முன் ஓர் ஒத்திகையில், சுதி சேராமல் பாடிய தையற்காரம்மாவை எல்லோர் முன்னாலும் "நீங்க வாயை மூடிட்டு நின்னாலே குழுவுக்குப் பெரிய உதவி" என்று சொல்லிவிட்டார். தையற்காரம்மா அழுதுகொண்டே போனாள். மன்னிப்புக் கேட்கச் சொன்னது கமிட்டி. டீச்சர் கேட்கவில்லை. குழுவிலிருந்து விலக்கி ஒரு கடிதம் வந்தது. அதன் அடியில் வார்டனின் கையெழுத்து. சொந்தத் தங்கையின் கையெழுத்து.

"சுதி விஷயத்துல நான் சொன்னது உண்மை," என்றார் டீச்சர். "சொன்ன விதம் தப்பு. அன்னிக்கே கேட்டிருந்தா ஒரு நிமிஷ வேலை. ஒரு வாரம் தள்ளினேன். அப்புறம் ஒரு மாசம். போகப் போக எடை கூடிப்போச்சு. இப்ப தூக்கவே முடியல."

"பெரிய வெள்ளிக்கு மட்டும் ஏன் வர்றீங்க?"

"மத்த நாள் ஆர்கன் ஓடும். அதோட முதுகுல உக்காந்தா காது கிழிஞ்சிடும். இன்னொண்ணு," என்று போர்வையை உதறி மடித்தார், "இன்னிக்கு மட்டும்தான் முடிஞ்சதும் யாரும் யாரையும் விசாரிக்காம போவாங்க. முதல் வருஷம் வெளிய, ஜன்னலுக்குக் கீழ வெயில்ல நின்னேன். பழைய ஐயா பாத்துட்டு, மறுவருஷம் இந்தக் கதவுச் சாவியைக் குடுத்தாங்க. என் தங்கச்சிக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க."

ஆயரம்மா சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அங்கி மாற்றும் அறைக்குத் திரும்பியபோது வார்டன் காத்திருந்தார். பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலில் நூற்றிரண்டு. ஆயரம்மா பேனாவை எடுத்தார். பொய் எழுத மனசில்லை. உண்மையைச் சொல்ல வாக்கு விடவில்லை. நூற்றுமூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டாக்டரம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்களுக்குமா கண்ணுல புரை?"

"டாக்டரம்மா, அது யாருன்னு என்னால சொல்ல முடியாது."

"நான் கேட்கலயே." கைப்பையின் ஜிப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "பத்து வயசு வரைக்கும் ஒரே பாயில படுத்து, அவ முணுமுணுக்கிறதைக் கேட்டுத்தான் தூங்கினேன். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? இரண்டாவது வருஷமே தெரியும்."

ஆயரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்புறம் ஏன் ஒண்ணு குறைச்சே எழுதுறீங்க?"

"நான் எண்ணிட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சா அடுத்த வருஷம் வரமாட்டா. ரோஷக்காரி. மேல ஏறிப் பாக்கலாம்னு எத்தனையோ தடவை தோணிச்சு. கதவு வரைக்கும் போயிருக்கேன்."

அன்று சாயங்காலம் ஆயரம்மா சமையலறையில் பெட்டிகளுக்கு நடுவே அங்கும் இங்கும் நடந்தார். தனக்குத் தெரிந்தது அக்காவுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று தங்கை நினைக்கிறார். தங்கைக்குத் தெரியாது என்று அக்கா நினைக்கிறார். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நிற்கிறார். போனைக் கையில் எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டு வருடத்துச் சிக்கல் எட்டு நிமிடத்தில் அவிழலாம், ஒரேயடியாக அறுந்தும் போகலாம். ஆயர் என்றால் அவிழ்க்கிற ஆளா, கிட்ட நிற்கிற ஆளா? படித்த படிப்பில் அதற்குத் தெளிவான பதில் இருந்த ஞாபகம் இல்லை. போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை வார்டனே வந்து நின்றார்.

"நாளைக்கு ரெண்டாவது பாட்டை மட்டும் ஆர்கன் இல்லாம பாடலாமா?"

ஆயரம்மா காரணம் கேட்கவில்லை. ஆர்கன் வாசிப்பவர் கேட்டார். அவர் வார நாட்களில் லிஃப்ட் மெக்கானிக். எது நின்றாலும் ஓட்டிவைப்பவர், ஓடுவதை நிறுத்தச் சொன்னால் அவருக்கு ஆகாது. "ஈஸ்டர் அன்னிக்கு ஆர்கன் இல்லாம பாட்டா? கல்யாணத்துல மாப்பிள்ளையை வாசல்ல நிக்கவைக்கிற மாதிரி இருக்கு" என்றார். ஒரு பாட்டுதானே என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார் ஆயரம்மா. பிறகு அறிவிப்புப் பலகையில், தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும் அளவு எழுத்தில், 'ஈஸ்டர் ஆராதனை, காலை ஆறு மணி. இரண்டாவது பாட்டு வெறும் குரலில்' என்று எழுதி ஒட்டினார். யாருக்கும் கொடுத்த வாக்கு மீறப்படவில்லை. பலகையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஈஸ்டர் காலை ஆலயம் நிரம்பி வழிந்தது. வெள்ளைத்துணி, பூக்கள், மெழுகுவர்த்திகள். முதல் பாட்டில் ஆர்கன்காரர் இரண்டாவது பாட்டின் பங்கையும் சேர்த்து முழக்கினார். இரண்டாவது பாட்டுக்கு எழுந்து நின்றபோது ஆயரம்மா மணிக்கூண்டுப் பக்கம் காதைத் திருப்பினார்.

முதல் சரணம் முடிந்தது. சுவருக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டாவது சரணம். ஒன்றுமில்லை. கடைசி பெஞ்சில் வார்டன் பாட்டுத்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். அவர் பாடவில்லை என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. டீச்சர் பலகையைப் பார்க்கவில்லையோ? பார்த்துவிட்டுக் கோபப்பட்டாரோ? தான் கெடுத்துவிட்டோமோ?

மூன்றாவது சரணத்தில் வேறு திசையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. கீழே, பெஞ்சுகளிலிருந்து. இடதுபுறத் தூணுக்குப் பக்கத்தில் பாட்டு டீச்சர் நின்றிருந்தார். தாமதமாக வந்திருக்க வேண்டும். அங்கே மட்டும்தான் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. பக்கத்தில் நின்று, பாட்டுத்தாளின் பாதியை அவர் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி சுதி சேராமல் பாடிக்கொண்டிருந்தவள் தையற்காரம்மா.

சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரம் வந்தபோது டீச்சர் அவள் கையைப் பிடித்து ஏதோ சொல்வதும், அவள் ஏதோ கேட்பதும், இருவரும் தலையைக் குனிந்துகொள்வதும் தெரிந்தன. என்ன பேசினார்கள் என்பதை ஆராதனை முடிந்து தையற்காரம்மாவே வந்து சொன்னாள்.

"மன்னிச்சிடுன்னு ஆரம்பிச்சாங்க ஆயரம்மா. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதான், இன்னிக்கு என் சுதி எப்படின்னு கேட்டேன். 'மோசம்'னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு மனசே லேசாச்சு."

வாசலில் வார்டன் எல்லோருக்கும் கைகொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். அக்கா வந்து நின்றபோது நீட்டிய கை அப்படியே நின்றது.

"வந்துட்டியா" என்றார் தங்கை.

"ம்" என்றார் அக்கா.

பின்னால் கூட்டம் நெருக்கியது. அவ்வளவுதான். ஆயரம்மாவுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. வாரம் முழுக்க ஓடிய களைப்போடு வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் மத்தியானம் வரை தூங்கினார்.

மீதியை வியாழக்கிழமை வார்டன் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை கிளினிக்கைத் திறந்தபோது வெளியே முதல் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாராம். கீழ்க் கடைவாய்ப்பல் உடைந்து மூன்று வருடம் ஆகிறதாம். அதுவரை ஒரே பக்கத்தில் மென்றே காலத்தை ஓட்டியிருக்கிறார்.

"வேற டாக்டரே கிடைக்கலயான்னு கேட்டேன். கண்டவங்க கையில வாயைக் குடுக்க முடியுமான்னு என்கிட்டயே கேக்குறா."

"அப்புறம்? பேசினீங்களா?"

"நான் பேசினேன்," என்றார் டாக்டரம்மா. "வாயில ரெண்டு பஞ்சும் ஒரு குழாயும் வெச்சுட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். கடிதத்துல ஏன் கையெழுத்துப் போட்டேன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவளால ஒரு வார்த்தை பதில் சொல்ல முடியல. கண்ணுல மட்டும் தண்ணி. வலிக்குதான்னு கேட்டா இல்லைன்னு தலையை ஆட்டுறா."

"பஞ்சை எடுத்ததும் என்ன சொன்னாங்க?"

"மரத்துப்போன வாயோட என்னத்தைச் சொல்றது? அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கேன். அன்னிக்கு அவ பேசுற முறை."