நூற்றிருபது சுற்று

கம்பி சுற்றிய நான்கு காயில்களும் பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன. மீட்டர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

இளம்பரிதி மீட்டரை அணைத்து மறுபடி போட்டு, முதல் காயிலிலிருந்து ஆரம்பித்தான். ஒன்று புள்ளி ஐந்து. அடுத்தது ஒன்று புள்ளி ஆறு. அதற்கடுத்தது ஒன்று புள்ளி ஏழு. நாலாவது கூச்சமே இல்லாமல் இரண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பேட்டரியை மாற்றினான். பேட்டரி நல்ல பேட்டரி, அதே பதிலைச் சொன்னது.

தஞ்சாவூருக்கு வெளியே, மூன்று பக்கம் வயலும் ஒரு பக்கம் பிரியாணிக் கடையுமாக இருந்த பொறியியல் கல்லூரியில் அவன் இறுதியாண்டு. ப்ராஜெக்ட், ஒரு ரேடியோ ரிசீவர். சாதாரண ரேடியோவின் முள் இறங்குகிற இடத்துக்கும் வெகு கீழே, ஒரு அலையே இரண்டு கிலோமீட்டர் நீளம் இருக்கிற இடத்தில், அமெச்சூர் ரேடியோக்காரர்கள் விளையாட ஒரு சின்ன வரப்பளவு ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே பாட்டு வராது, செய்தி வராது, பெரும்பாலும் எதுவுமே வராது. அதைக் கேட்கத்தான் இத்தனை பாடு. அதற்கு ஒரே அளவில் நான்கு காயில் வேண்டும். அளவு மாறினால் நான்கும் நான்கு பக்கம் இழுத்து, கடைசியில் இரைச்சல் மட்டுமே கேட்கும்.

காயிலுக்கு நடுவில் வைக்கும் ஃபெரைட்டை அவன் கடையில் வாங்கவில்லை. ஊரில் வீட்டுக்கு ஒன்றாக அரசாங்கம் கொடுத்த இலவச டிவி, இப்போது வீட்டுக்கு ஒன்றாகப் பரணில் கிடந்தது. திறந்தால் உள்ளே கருப்புப் பிஸ்கட் மாதிரி ஃபெரைட். கீழே போட்டால் பிஸ்கட் மாதிரியே உடையும். நான்கு வீட்டில் கேட்டு நான்கு எடுத்தான். கம்பி சுற்றிக் கொடுத்தவர் நீடாமங்கலத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் அன்சார் பாய். சுற்றுப்பட்டு ஊரில் எந்த பம்ப்செட் மோட்டார் எரிந்தாலும் அவர் மேசைக்குத்தான் வரும். "நூத்தி இருபது சுத்து பாய், நாலுக்கும்" என்று சொல்லியிருந்தான். அவரும் தலையாட்டியிருந்தார்.

சுற்று ஒன்று, ஃபெரைட் ஒன்று, கம்பி ஒன்று. அளவு மட்டும் நாலு. புத்தகத்தில் இதற்கு வழியில்லை.

ப்ராஜெக்ட் வழிகாட்டியான பிரின்ஸி மேடம் ஏற்கெனவே கெடு வைத்துவிட்டார். "வெள்ளிக்கிழமை ரிவ்யூல சிக்னல் காட்டு. இல்லன்னா பூவிழி டீம்ல அஞ்சாவது ஆளா சேந்துக்க."

பூவிழி குழு செய்துகொண்டிருந்தது மண் ஈரமாக இருக்கிறதா என்று சொல்லும் கருவி. டெல்டாவில் வயலில் கால் வைத்தும் அது தெரியாமல் நிற்கிற ஆளை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இருந்தாலும் வருடத்துக்கு மூன்று குழு அதைச் செய்தது, மூன்றுக்கும் நல்ல மதிப்பெண் விழுந்தது. அந்த ஐந்தாவது ஆளாக மட்டும் ஆகக்கூடாது என்று இளம்பரிதி தீர்மானமாக இருந்தான். மற்ற எதிலும் அவனுக்குத் தீர்மானம் இல்லை.

சுற்று சமம் என்றால் கோளாறு ஃபெரைட்டில்தான். எந்த ஃபெரைட் எந்த வீட்டு டிவி என்று மறக்காமலிருக்க ஒரு அட்டவணை போட்டான். பெரியநாயகசாமி சார் வீடு, செய்தி மட்டும் பார்ப்பார்: 1.51. எங்கள் வீடு, பரீட்சை என்று பாதி நாள் அணைத்தே கிடந்தது: 1.59. வீரையன் மாமா வீடு, கிரிக்கெட்: 1.74. அம்சம் அத்தை வீடு, காலை முதல் சீரியல்: 1.96.

அடையாளத்துக்கு எழுதியதுதான். பிரின்ஸி மேடம் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இளம்பரிதி, சீரியல் பாத்த வீட்டுலதான் ஜாஸ்தியா இருக்கு!"

"ஆமா மேம். ஆனா என் வீட்டுல..."

"எவ்வளவு நேரம் ஓடுச்சோ அவ்வளவு ஃபெரைட் மாறியிருக்கு. இதுதான்பா ஃபைண்டிங். பேப்பரே போடலாம்."

ஓடாத டிவி செய்தி பார்த்த டிவியை எப்படி முந்தியது என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் அவர் பேப்பருக்குத் தலைப்பு எழுதி, தன் பெயரை முதலில் போட்டிருந்தார்.

ஆனால் பேப்பரை வைத்து சிக்னல் கேட்க முடியாதே. பரணிலிருந்து இன்னும் நான்கு ஃபெரைட் எடுத்து அதிலும் காயில் சுற்றினால் எட்டில் ஒத்த அளவாக நான்கு தேறாதா என்று, வியாழக்கிழமை காலை பழைய நான்கையும் பையில் போட்டுக்கொண்டு நீடாமங்கலம் பஸ் ஏறினான்.

அன்சார் பாய் கைப்பிடியைச் சுற்ற, அதில் பொருத்தியிருந்த சுற்று எண்ணும் கருவி டக் டக்கென்று ஓடியது. நூற்றிருபது வந்தது. கை நிற்கவில்லை.

"பாய், நூத்தி இருபது ஆயிருச்சு."

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் சுத்துறீங்க?"

"கொசுறு தம்பி. படிக்கிற புள்ள, கரெக்டா அளந்தா குடுப்பாங்க?"

இளம்பரிதி பையிலிருந்து பழைய நான்கையும் எடுத்து மேசையில் வைத்தான். "அந்த நாலுலயும் போட்டீங்களா?"

"போடாம? ஒண்ணுல கொஞ்சம் கம்மியா இருக்கும், அன்னைக்குத் தலைவலி. கடைசில நல்லாவே போட்டேன். எம் பொண்ணு ஷமீராவுக்கு வேல கெடச்ச சேதி அப்பதான் வந்துச்சு."

"மோட்டாருக்கும் இப்படித்தான் போடுவீங்களா?"

பாய் முகம் மாறிவிட்டது. "மோட்டாருக்கா? அது தண்ணி எறைக்கணும்ல? ஒரு சுத்து கூடக்கொறைய வெக்க மாட்டேன். இது படிக்கிறதுக்குத்தானே?"

பழைய நான்கையும் பிரிக்கச் சொன்னான். தானே கொடுத்ததைத் தானே பிடுங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை, முனகிக்கொண்டே பிரித்தார். நூற்றிருபதுக்கு மேல் கருவி சொன்னது: மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபது. அம்சம் அத்தையின் சீரியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான்கையும் சரியாக நூற்றிருபதில் நிறுத்தித் திரும்பச் சுற்ற வைத்தான்.

மறுநாள் ரிவ்யூவுக்கு முன்பே பிரின்ஸி மேடத்திடம் சொல்லிவிட்டான். அவர் அட்டவணையை எடுத்து அதன் கடைசி வரியில் விரல் வைத்தார்.

"அத்த நெசமாவே அவ்வளவு சீரியல் பாப்பாங்களா?"

"பாப்பாங்க மேம்."

"அப்ப அந்தக் கட்டம் மட்டும் கரெக்டு." தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். கோபமா, வருத்தமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. "சரி, சிக்னலக் காட்டு. இல்லன்னா நான் சொன்னதுதான்."

சிக்னல் அனுப்ப வேண்டியவன் ஆல்பின். இவனுக்கு இரண்டு வருடம் சீனியர், அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் உள்ளவன். பேராவூரணியில் தன் தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் கம்பி கட்டி வைத்திருந்தான். இந்த அலைவரிசையில் அவசரம் கிடையாது. மெதுவாக அனுப்பினால்தான் இரைச்சலுக்குள் தெரியும். ஒரு எழுத்துக்கே ஐந்து நிமிடம்.

பத்து மணிக்கு லேப்டாப் திரையில் சாம்பல் மூட்டம். பத்து மூன்றுக்கு அதில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு நகர்ந்தது.

"இது உன் லேப்டாப் சார்ஜர் போடுற இரைச்சலா இருக்கும்" என்றார் மேடம்.

அதில் நியாயம் இருந்ததால் இளம்பரிதிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஆல்பினுக்குப் போன் போட்டு, "நிறுத்துண்ணே" என்றான். கோடு நின்றது. "போடுண்ணே." கோடு வந்தது.

மேடம் போனைப் பிடுங்கிக்கொண்டார். "தம்பி, நிறுத்துங்க." நின்றது. "போடுங்க." வந்தது. "நிறுத்துங்க!"

"அதான் போன்லயே பேசுறீங்களே மேம், ரேடியோ எதுக்கு?" என்றாள் பின்னாலிருந்து பூவிழி. இளம்பரிதி திரையை இன்னும் கொஞ்சம் மேடம் பக்கம் திருப்பினான்.

பிரின்ஸி மேடம் அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு தோப்பில் இருக்கிற ஆளை ஒன்பது முறை நிறுத்தி ஒன்பது முறை போட வைத்தார். பேப்பருக்குத் தலைப்பு எழுதியபோதுகூட அவர் முகத்தில் இந்த வெளிச்சம் இல்லை. ஒரு கையால் போனைப் பிடித்தபடியே மறுகையால் ரிவ்யூ படிவத்தில் 'தனி ப்ராஜெக்ட், தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இளம்பரிதி அதைத் தலைகீழாக இரண்டு முறை படித்தான்.

"என்ன எழுத்து தம்பி அனுப்புனீங்க?"

போனில் ஆல்பின் குரல் உடைந்திருந்தது. "அனுப்ப எங்க விட்டீங்க, மேம்?"