பொட்டு வைத்த சக்கரம்

ஜீப்பை இழுத்துப் போக காயலான் கடை ராஜ்கமல் டிராக்டரோடு வாசலில் வந்து நின்றபோது செந்தமிழ்ச்செல்விக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒன்பது மணிக்கு என்று சொன்னவன் எட்டரைக்கே வந்து நிற்கிறான். போகிற பொருளை இன்னும் அரை மணி நேரம் கண்ணால் பார்க்க விடமாட்டானா?

அரியாங்குப்பத்திலிருந்து வீராம்பட்டினம் கடற்கரைக்கு ஐஸ் கொண்டுபோவது அவள் தொழில். தார் ரோடு முடிகிற இடத்தில் மற்ற வண்டிகள் நின்றுவிடும். இவளுடைய ஜீப் மட்டும் நாலு சக்கரமும் இழுக்க மணலில் இறங்கிப் படகுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும். படகுக்காரர்கள் இவளிடமே ஐஸ் வாங்கிவந்தது அதற்காகத்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தாவிடம் இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய பழைய வண்டி அது. விற்ற கையோடு அவர் மகள் வீட்டுக்குப் பிரான்ஸ் போய்விட்டார்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஷாஃப்டில் ஒரு ஜாயிண்ட் மாற்ற ஒர்க்‌ஷாப்பில் விட்டாள். திரும்பி வந்த நாளிலிருந்து சனி பிடித்துக்கொண்டது. வேகம் ஐம்பதைத் தொட்டால் வண்டி மொத்தமும் உதறியது. மணலிலோ, நாலு சக்கரத்துக்கான குட்டி கியர் ஒழுங்காகத்தான் விழுந்தது, ஆனால் முன்சக்கரம் இழுக்கவில்லை. பின்சக்கரம் தனக்குத்தானே குழி பறித்து உட்கார்ந்துகொண்டது. மூன்று மெக்கானிக் பார்த்தார்கள். மூன்று பேரும் கியர் பெட்டியே போய்விட்டது, அதை மாற்றுகிற காசுக்கு வேறு வண்டி வாங்கலாம் என்று கையை விரித்தார்கள்.

மூன்று வாரமாகப் படகுக்காரர்கள் ரோட்டிலிருந்து ஐஸைத் தலையில் சுமந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அதை நினைத்தாலே செல்விக்கு நெஞ்சு நிறைந்து போகும். நேற்று மாலை அவர்களுக்காகப் பேச சிலம்பரசன் வந்திருந்தான்.

"நாங்க பொறுத்துக்குவோம்கா. ஐஸு பொறுக்காதே. கடலூர் ஐஸ்காரரு ஒருத்தரு டிராக்டர்ல கொண்டாறேங்கறாரு. நாளன்னிக்குக் காலைல உங்க வண்டி மணல்ல எறங்கலன்னா அவருக்குத்தான் சொல்லணும்."

அவன் போன பிறகுதான் அவள் காயலான் கடைக்குப் போன் போட்டு, சொல்தாவிடம் வாங்கியதிலிருந்து வண்டியின் கதையைச் சொல்லி விலை பேசினாள்.

ராஜ்கமல் பானெட்டைத் திறக்கவில்லை. நேராக முன்சக்கரத்துக்கு எதிரே குந்தினான். சக்கரத்தின் நடுவில் பளபளவென்று வெள்ளி பெயிண்ட், அதன்மேல் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"இதுக்கு யாருக்கா பெயிண்ட் அடிச்சது?"

செல்வியின் புருஷன் கோவிந்தராசு பெருமையாக முன்னால் வந்தார். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போகிறவர். வண்டியை ஓட்டத் தெரியாது, ஆனால் அதன் அலங்காரம் முழுக்க அவர் இலாகா.

"நான்தான் தம்பி. ஆயுத பூஜைக்கு அடிச்சு, பொட்டு வச்சேன். எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குண்ணே. ஆனா இது மூடி இல்ல. திருப்புற குமிழு."

சாவியின் முனையால் சுரண்டினான். குங்குமத்துக்குக் கீழே சந்தனம், சந்தனத்துக்குக் கீழே பெயிண்ட், பெயிண்டுக்குக் கீழே ஒரு சின்ன அம்புக்குறியும் இங்கிலீஷ் எழுத்தும் வந்தன.

"ரோட்டுல ஓடும்போது முன்சக்கரத்தத் தனியா விட்டுடறதுக்கு இது. சொல்தா எப்பவும் பூட்டியே வச்சிருந்திருப்பாரு, அதான் உங்களுக்குத் தெரியல. ஒர்க்‌ஷாப்புல திருப்பிட்டு மறந்துட்டாங்க. நீங்க கியரு போட்டா உள்ள எல்லாம் சுத்துது, சக்கரத்துக்கு வந்து சேரல. பெட்டிக்கு ஒண்ணும் ஆவல."

செல்வி குனிந்து அந்த அம்புக்குறியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப, உதறுறது?"

"அது வேற. ரெண்டும் ஒரே நாள்ல வந்ததால ஒரே நோவுன்னு நெனச்சுட்டாங்க. ஓடும்போது கிளட்ச்ச மிதிச்சா உதறல் நிக்குதா?"

"நிக்கல."

"அப்ப இஞ்சின் இல்ல." வண்டிக்கு அடியில் நுழைந்தான். "இங்க வந்து பாருங்க."

செல்வி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் அடியில் நுழைந்தாள். பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் இரண்டு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஓர் அம்புக்குறி.

"ரெண்டும் நேருக்கு நேரா நிக்கணும். தள்ளி மாட்டிட்டாங்க. அதான் உதறுது."

இழுத்துப் போக வந்தவன் டிராக்டரிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்து ஷாஃப்டைக் கழற்றி நேராக்கி மாட்டினான். கோவிந்தராசு தின்னரும் துணியுமாக உட்கார்ந்து பெயிண்டைத் துடைத்தார்.

"சாமிக்குன்னு செஞ்சது இப்படி ஆயிடுச்சே, செல்வி."

"சாமிய ஏன்யா இழுக்கற? ஹெட்லைட்டுக்கும் அடிக்காம விட்டியே, அதுவே புண்ணியம்" என்றாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவளுக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

ராஜ்கமல் திருப்பியதும் இரண்டு முன்சக்கரத்துக் குமிழும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.

"சும்மா இருந்திருந்தா வண்டி உங்களுக்கு வந்திருக்குமே தம்பி. ஏன் சொன்னீங்க?" என்று செல்வி கேட்டாள்.

ராஜ்கமல் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"இதே மாதிரி பதினோரு வண்டி பிரிச்சிருக்கேன்கா. ஒவ்வொரு போல்ட்டும் தெரியும். ஒண்ணுகூட மணல்ல ஏறி நான் பாத்ததில்ல."

"நாளைக்குக் காலைல வா" என்றாள் செல்வி. இதுவரை சொன்ன 'நீங்க' எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஐஸை ஏற்றிக்கொண்டு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஐம்பது, ஐம்பத்தைந்து. வண்டி உதறவில்லை. மூன்று வாரமாகக் கடகடத்த கதவுகூட வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதியே அவளுக்குப் பயமாக இருந்தது.

தார் ரோடு முடிகிற இடத்தில் கடலூர்க்காரர் டிராக்டர் நின்றிருந்தது. கீழே படகோரத்தில் சிலம்பரசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். செல்வி குட்டி கியரை இழுத்துப் போட்டாள். வண்டி மணலில் இறங்கி ஒரு கணம் தயங்கியது. பிறகு முன்சக்கரம் மணலைக் கவ்வியது. மேடு ஏறி, பள்ளம் இறங்கி, படகுக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றது.

சிலம்பரசன் கட்டியிருந்த கையைப் பிரித்தான். "கடலூர்க்காரருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்புங்கடா!" என்று கத்தினான். நாலு பேர் ஓடிவந்து ஐஸை இறக்கினார்கள்.

ராஜ்கமல் இறங்கவில்லை. முன்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவனிடம் சொல்ல வேண்டியதை அவள் ராத்திரியே யோசித்து வைத்திருந்தாள். உன்னாலதான் என் அடுப்பு எரியும், நீ நல்லா இருக்கணும் என்று. சொல்ல வாயெடுத்தாள்.

"ரொம்ப நன்றிக்கா" என்று அவன் முந்திக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "இன்னொரு வாட்டி மணல்ல ஏத்துறீங்களா?"

செல்வி மறுபேச்சில்லாமல் ரிவர்ஸ் கியரைப் போட்டாள்.