எட்டில் எட்டு

எட்டாம் இடத்தில் எட்டைப் போட்டுப் பொத்தானைத் தட்டிய பிறகுதான், என்ன செய்துவிட்டோம் என்பது ஜாக்குலினுக்கு உறைத்தது. மேசைமேல் துண்டுத் தண்டவாளத்தில் நின்றிருந்த ஒரு சாண் நீளப் பொம்மை டீசல் எஞ்சின், முகப்பு விளக்கை இரண்டு முறை சிமிட்டிவிட்டு அடங்கியது. அதன் வயிற்றுக்குள் கட்டைவிரல் நகமளவு ஒரு சில்லு இருக்கிறது. டிகோடர் என்பார்கள். ஹார்ன் எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும், பிரேக் எப்போது கிறீச்சிட வேண்டும், எஞ்சின் எப்படி உறும வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் இடம் உண்டு, ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண் உண்டு. எட்டாம் இடத்தில் எட்டைப் போட்டால், வைத்திருப்பவர் பார்த்துப் பார்த்து மாற்றிய எண்கள் மொத்தமும் அழிந்து, பெட்டியிலிருந்து அன்றைக்கு எடுத்த வண்டிபோல் ஆகிவிடும். பழைய எண்களை லேப்டாப்பில் எடுத்து வைத்துக்கொள்ளாமல் அதைச் செய்யவே கூடாது. எடுத்து வைக்க இருபத்தைந்து நிமிடம் ஆகும். சத்தத்தை மட்டும்தானே குறைக்கப் போகிறோம் என்று அவள் அதை விட்டுவிட்டாள்.

செம்பூரில் ஒரு மொபைல் கடையில் எட்டு வருடம் சால்டரிங் ராடு பிடித்துவிட்டு, இரண்டு வருடமாகத்தான் இந்தச் சின்ன வண்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையைத் தனியாகச் செய்கிறாள். பம்பாயில் இப்படிப் பொம்மை ரயில் ஓட்டுகிறவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அத்தனை பேரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். அதில் ஒருவர் ஒரு வரி எழுதினால் போதும், தாராவியில் குடியிருக்கும் அவளை அதற்குப் பிறகு யாரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள்.

மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் இருந்த இந்த வீட்டுக்காரர் அனந்தகிருஷ்ணன், இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்வீட்டில் பச்சைக்குழந்தை இருக்கிறது, ஹார்ன் சத்தத்தில் தூக்கிவாரிப்போட்டு அழுகிறது என்று கட்டடச் சொசைட்டி செக்ரட்டரி கடிதம் அனுப்பியிருந்தார். அதற்குப் பதில் சொல்லக் கிளம்பிய அனந்தகிருஷ்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சத்தத்தப் பாதியாக் கொறைச்சாப் போறும். வேற ஒண்ணையும் தொட்டுடாதே, என்ன?"

அவள் சத்தத்தின் எண்ணை மாற்றியதும் வண்டி கல்லாக நின்றுவிட்டது. ஓடவும் இல்லை, ஒலிக்கவும் இல்லை. கிழவர் திரும்பி வந்துவிடுவாரே என்ற பதற்றத்தில் கை தானாக எட்டில் எட்டைப் போட்டுவிட்டது.

இப்போது வண்டிக்கு உயிர் வந்திருந்தது. ஹார்னை அழுத்திப் பார்த்தாள். பிசிறில்லாமல், யாருக்கும் சொந்தமில்லாத குரலில் அது கத்தியது. சத்தத்தைப் பாதியாக்கி மறுபடி அழுத்தினாள். 'சத்தம் கொறஞ்சா அப்படித்தான் சார் கேக்கும்' என்று மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். எழுபது தாண்டிய காதுக்கு என்ன வித்தியாசம் தெரிந்துவிடப் போகிறது? இரண்டாம் தரம் சொல்லிப் பார்த்தபோது, சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது.

"இது ஆதியோட வண்டி இல்லையே."

அவருடைய மனைவி சந்திரலேகா ஈரக் கையோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

ஜாக்குலின் திரும்பினாள். "மாமி, பழசெல்லாம் அழிஞ்சிட்டு. நாந்தான் அழிச்சேன். வேணும்னு செய்யல. அதுல போட்டிருந்த நம்பரு எங்கயாவது எழுதி வச்சிருக்கா?"

"எழுதியெல்லாம் வெக்கலை. எல்லாம் ஆதித்யன் பண்ணினது. எங்க பிள்ளை, மெல்போர்ன்ல இருக்கான்." மாமி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நேக்கு பைபாஸ் பண்ணினப்போ அவனால வர முடியலை. விசா பேப்பர் ஏதோ மாட்டிண்டுது. இனிமே இந்தாத்துக்குக் கூப்பிடாதேன்னு ஆஸ்பத்திரி வராந்தாலேர்ந்து இவர் போன்ல சொல்லிட்டார். அவனும் இவரைக் கூப்பிடலை. நாலு வருஷமாச்சு. தெனம் நாலு மணிக்கு இத அரை மணி ஓட்டிட்டுத்தான் காப்பி குடிப்பார்."

சுவர்க் கடிகாரம் மூன்றே முக்காலைக் காட்டியது. மாமியும் அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தாள். திரையில் 'காஸ் ஏஜென்ஸி' என்று இருந்த பெயரைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"அம்மா? இந்த நேரத்துல கூப்பிடமாட்டியே. அப்பாக்கு ஏதாவது..."

"அப்பாக்கு ஒண்ணுமில்லை. வண்டிக்குத்தான்."

ஜாக்குலின் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது.

"அப்பா அதை இன்னும் ஓட்டறாரா?"

"தெனமும் ஓட்டுவாங்களாம் சார்."

பிறகு அவன் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். ஹார்னுக்கு இது, பிரேக்குக்கு இது. சில எண்கள் கேட்டவுடன் வந்தன. சிலவற்றைப் போடச் சொல்லி, ஒலிக்க விட்டுக் கேட்டு, 'ஜாஸ்தி, ரெண்டு கொறைங்கோ' என்றான். ஜாக்குலின் தட்டிக்கொண்டே போனாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியதைத் துடைக்கவும் கை ஒழியவில்லை. பத்தாவதோ பதினொன்றாவதோ எண்ணில் ஹார்ன் கரகரத்து, தொண்டை கட்டினாற்போல் ஒலித்தது. மாமி தலையை ஆட்டினாள். "இதான்."

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றான் ஆதித்யன். "நிக்கற வண்டி கிளம்பறச்சே முதல்ல எஞ்சின் மட்டும் உறுமும். அப்பறந்தான் சக்கரம் நகரும். நடுவுல எத்தனை நாழின்னு ஒரு நம்பர் உண்டு. அது நேக்குத் தெரியாது. நான் ஏத்திண்டே போவேன், அப்பா கண்ண மூடிண்டு கேப்பார். போறும்னார். விட்டுட்டேன். என்ன நம்பர்னு பாக்கவே இல்லை."

வெளியே லிஃப்டின் கம்பிக்கதவு இழுபடும் சத்தம் கேட்டது. பூட்டில் சாவி நுழைந்தது. மாமியின் கை போனை அணைக்கப் பாய்ந்து, திரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. ஜாக்குலின் அந்தக் கையையே பார்த்தாள். மாமி கையை இழுத்துத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"ஆச்சா?" என்று கேட்டபடி அனந்தகிருஷ்ணன் உள்ளே வந்தார்.

"ஹலோ? லைன்ல இருக்கேளா?" என்றது போன்.

அவர் கையிலிருந்த கடிதம் பாதி மடித்தபடியே நின்றது. 'யார் அது' என்று அவர் கேட்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

ஜாக்குலின் எழுந்து நின்றாள். தயாராக வைத்திருந்த பொய் எங்கேயோ போய்விட்டிருந்தது. "சார், நீங்க தொடாதன்னு சொன்னதத் தொட்டுட்டேன். போட்டு வச்சிருந்த நம்பரெல்லாம் அழிஞ்சிட்டு. மாமி வேண்டாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் கேட்டு வாங்கி போன் போட்டேன்." கடைசியில் மாமியைப் பற்றிச் சொன்னது மட்டும் பொய். மாமி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். போனைப் பார்க்கவில்லை. அதில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. இணைப்பு அறுபடவில்லை.

"எதெல்லாம் திரும்பி வந்துது?"

"ஒண்ணத் தவிர எல்லாம் வந்திட்டு சார். கிளம்புறதுக்கு முன்ன உறுமுற நேரம் மட்டும் தெரியல."

கொஞ்ச நேரம் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருபது போடு."

போட்டாள். குமிழைத் திருகினாள். எஞ்சின் ஓர் உறுமல் உறுமிச் சட்டென்று நகர்ந்தது.

"கம்மி" என்றது போன், வெகு தாழ்ந்த குரலில்.

"என்ன சொல்றான்?"

அவர் காதில் விழாமல் இல்லை. ஜாக்குலின் இருந்தாலும் சொன்னாள். "கம்மின்னு சொல்லுதாங்க சார்."

"நேக்குத் தெரியும்னு சொல்லு அவன்ட்ட."

அவள் போனைப் பார்த்துச் சொன்னாள். "சாருக்குத் தெரியுமாம்."

"சரின்னு சொல்லுங்கோ" என்றான் அவன். குரல் ஹார்ன்போலவே கரகரத்தது.

"நாப்பது போடு."

வண்டியைப் பின்னுக்கு நகர்த்தி நிறுத்தி, நாற்பதைப் போட்டாள். அனந்தகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஜாக்குலின் குமிழைத் திருகினாள். உறுமல் அடியிலிருந்து கிளம்பி மேலே மேலே ஏறியது. தண்டவாளம் நடுங்கியது. மேசைமேல் போன் தானாக ஒரு நூலளவு நகர்ந்தது. சக்கரம் அசையவில்லை. குமிழிலிருந்து கையை எடுக்காமல், மூடிய கண்களுக்குக் கீழே லேசாகத் திறந்திருந்த அவருடைய உதடுகளையே, 'போறும்' என்று வருமா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.