உச்சிமணிக்குப் பிறகு

அறுந்த கயிறு கிணற்றுக் கப்பியில் ஆடிக்கொண்டிருக்கிறது, கீழே எடை இல்லை, மேலே வெயில் மட்டும், துறவி தஞ்சிலாஸ் அதைப் பார்த்தபடி நிற்கிறான், வருடக்கணக்காக நிற்கிறான், கோயிலில் முழந்தாளிட்டாலும் அந்தக் கயிறு கண்ணுக்குள் ஆடும், இப்போதும் ஆடுகிறது, தேரிக்காட்டு மடத்தை நோக்கி ரோசலியம்மாள் நடந்து வருகிறாள், காலில் செம்மண், கையில் ஓலைக் கொழுக்கட்டைப் பெட்டி, மகன் சந்தியாகு இந்தக் கிணற்றில் செத்த நாளுக்கு வருடம் தவறாமல் வருவாள். என்னய்யா, மெலிஞ்சிட்டியளே, சாமிமாரு சோறு போடுதாவளா இல்ல ஜெபத்த மட்டும் போடுதாவளா, என்று சிரிக்கிறாள், பெட்டியை அவன் கையில் திணிக்கிறாள், எம்மவனுக்காகப் பேச்ச விட்ட புள்ள, என்று கூட வந்த பெண்களிடம் சொல்கிறாள், ஒருத்தி குழந்தையை நீட்டுகிறாள், மௌனச் சாமி, கொஞ்சம் தொட்டுக் குடுங்க, காய்ச்ச விடமாட்டேங்கு, அவன் விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொள்கிறான், அதையும் அவர்கள் அருள் என்கிறார்கள்.

அவன் பேசுகிறவனாக இருந்தான். உச்சிமணி அடித்தால் பிற்பகல் ஜெபம் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, மடத்து ஒழுங்கு அது, அவனுக்கு ஆகாது, பந்தியில் பக்கத்தில் இருக்கும் சந்தியாகுவின் காதில், ரசமா தீர்த்தமாடே இது, என்பான், சிரிப்பை அடக்கிச் சந்தியாகுவுக்குப் புரையேறும், வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் வட்டமாக முழந்தாளிட்டு ஒருவர் குற்றத்தை இன்னொருவர் அன்போடு சொல்ல வேண்டும், அந்த வெள்ளியன்று சந்தியாகு எழுந்தான், தஞ்சிலாஸ் மௌனத்த மதிக்கறதில்ல சாமி, என்னையும் கெடுக்கான், என்றான், அன்போடுதான் சொன்னான், தண்டனையாகத் தஞ்சிலாஸ் சாப்பாட்டறை வாசலில் குப்புறக் கிடக்க எல்லோரும் தாண்டிப் போனார்கள், சந்தியாகுவின் செருப்பு காதை உரசிப் போனது, இனி உன்னிடம் ஒரு சொல் கிடையாது என்று அப்போது நினைத்தான். மறுநாள் கிணற்றில் தூர் வாரினார்கள், கயிற்றில் ஒரு புரி அறுந்து பிரிந்திருந்ததைத் தஞ்சிலாஸ்தான் பார்த்தான், சொல்லத்தான் இருந்தான், அதற்குள் உச்சிமணி, உள்ளே விட்டுவந்த மண்வெட்டியை எடுக்கச் சந்தியாகு மறுபடி இறங்குகிறான், அங்கியை இடுப்பில் செருகிக் கயிற்றைப் பிடிக்கிறான், அவனைப் பார்த்துப் புன்னகைக்கிறான், கோபம் வேண்டாம் என்பதுபோல, தஞ்சிலாஸின் நாக்கு பல் வரை வந்து நிற்கிறது, மணி அடித்தாயிற்று, நீ கேட்ட மௌனம்தானே, இந்தா. கயிறு அறுந்த சத்தம் பெரிதாக இல்லை.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை, துக்கம் என்றார் மடத்துத் தலைவர், தவம் என்றது ஊர், வாயைத் திறந்தால் அதுதான் முதலில் வெளியே வரும் என்று அவனுக்குத் தெரியும், ஜெபத்தில் உதட்டை மட்டும் அசைப்பான், தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று துணியைக் கடித்துக்கொண்டு படுப்பான், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு முன்னால் போய் ஊமையாக அழுதுவிட்டுத் திரும்புவான், கண்ணீரைக் கணக்கில் வைத்து மன்னிப்பு கொடுத்தார்கள், எதற்கென்று தெரியாமல்.

உச்சிமணி அடிக்கிறது. மகன் கல்லறைச் செடிக்குத் தண்ணீர் எடுக்க ரோசலியம்மாள் கிணற்றுக்குப் போகிறாள், அவன் பின்னாலேயே போகிறான், போகாமல் இருக்க முடியவில்லை, வாளி இறங்குகிறது, நிறைகிறது, அவள் இழுக்கிறாள், கப்பி மாட்டிய தூணின் அடியில் மாவு மாவாக உதிர்கிறது, கறையான், ஒவ்வொரு இழுப்புக்கும் தூண் கிணற்றுப் பக்கம் சாய்கிறது, அவள் அதிலேயே தோளை முட்டுக்கொடுத்துக்கொண்டு அவனைப் பார்த்துப் புன்னகைக்கிறாள், அதே வாய், மகனுடைய வாய், நாக்கு பல் வரை வந்து நிற்கிறது, மணி அடித்தாயிற்று, யம்மா வெலகு, என்று ஒரு குரல் கேட்கிறது, துருப்பிடித்த குரல், யாருடையது என்று அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

அவள் விலகுகிறாள், தூண் முறிந்து கப்பியோடு உள்ளே போகிறது, ஓடுகிற கயிற்றை அவன் பாய்ந்து பிடிக்கிறான், உள்ளங்கை தோல் உரிகிறது, வால் முனை இன்னும் அவள் கையில். அவள் கிணற்றைப் பார்க்கவில்லை. அவனைப் பார்க்கிறாள்.

தொண்ட இருக்கே ஒனக்கு.

அவன் வாயை மூடப் பார்க்கிறான், மூடவில்லை.

அன்னிக்கும் இருந்துச்சா?

இருந்துச்சும்மா.

கீழே கப்பியோடு சிக்கித் தூணும் வாளியும் தொங்குகின்றன, கயிறு ஆடவில்லை, இரண்டு பேர் கைகளிலும் விறைத்து நிற்கிறது, அவள் அதை விடுவாள் என்று காத்திருக்கிறான், அவள் விடவில்லை, கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொள்கிறாள், சொல்லு, என்கிறாள், முழுசாச் சொல்லு.